டிஸ்பிளே போச்சா, செட்டிங்ஸ் மாறிடுச்சா? லேப்டாப் ஸ்க்ரீன் ரெசல்யூஷன் பிரச்னைகளுக்கு ஒரு முழுமையான கைடு!

"அண்ணா, லேப்டாப் ஸ்க்ரீன் எல்லாம் உப்பிப் போச்சுண்ணா. கீழ இருக்கற பட்டனே தெரிய மாட்டேங்குது. நாளன்னிக்கு சாய்ஸ் ஃபில்லிங் முடியுது..."

ராசிபுரத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தபோது அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. பொறியியல் கவுன்சலிங் 2018-லிருந்து ஆன்லைனில்தான் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்தி, குறிப்பிட்ட நாள்களுக்குள் லாக் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு லேப்டாப். அதுவும் அவள் அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. ரொம்ப ஸ்லோவாக இருக்கிறதென்று தெரிந்த பையன் ஒருவரிடம் கொடுத்து விண்டோஸை மாற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து ஐகான்கள் எல்லாம் பூதாகரமாகத் தெரிகின்றன, எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன, போட்டோவில் எல்லோருடைய முகமும் பூசணிக்காய் மாதிரி அகலமாக இருக்கிறது. ஒரு கடையில் காட்டினால், "டிஸ்பிளே போயிடுச்சு, மாத்தணும், 4,500 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

டிஸ்பிளே போகவில்லை. போன் வழியாகவே 20 நிமிடத்தில் சரியாகிவிட்டது. செலவு, பூஜ்யம். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த மாதிரி சிக்கல் உங்கள் லேப்டாப்பில் வந்தால் எங்கே தொடங்குவது, எப்போது கடைக்குப் போவது என்று வரிசையாகப் பார்ப்போம். இதைப் போனில் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மக்கர் செய்யும் நேரத்தில் கையில் இருக்கப்போவது போன்தானே!

ரெசல்யூஷன்னா என்ன?

உங்கள் ஸ்க்ரீன் முழுக்க முழுக்கப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிதான் பிக்ஸல். 1366 × 768 என்றால் குறுக்கே 1,366 புள்ளிகள், நெடுக்கே 768 புள்ளிகள். மொத்தம் சுமார் 10.5 லட்சம். ஃபுல் ஹெச்டி என்று சொல்லப்படும் 1920 × 1080-ல் சுமார் 20.7 லட்சம், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உங்கள் கையில் இருக்கும் போன் 1080 × 2400 வகையாக இருந்தால், அதில் சுமார் 26 லட்சம் புள்ளிகள். அத்தனையும் ஆறரை இன்ச்சுக்குள்! ஓர் இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டால் போனில் சுமார் 405, 14 இன்ச் 1366 × 768 லேப்டாப்பில் சுமார் 112. அதனால்தான் போனைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தால் 'என்னடா இது, இப்படி மங்கலா இருக்கு' என்று தோன்றுகிறது. அது பழுது அல்ல, அந்த ஸ்க்ரீனின் அளவே அவ்வளவுதான்.

அடுத்து, முக்கியமான விஷயம். லேப்டாப் எல்சிடி ஸ்க்ரீனில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை கம்பெனியில் செய்யும்போதே முடிவானது. இதை 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்பார்கள். இளம்பிள்ளைப் பக்கம் தறிவேலை பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சேலைக்கான டிசைனை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தான் வரைவார்கள். கட்டத்துக்குக் கட்டம் இழை ஒத்துப்போனால் பூ கச்சிதமாக விழும். சின்னக் கணக்கில் போட்ட டிசைனை இழை அதிகமான சேலையில் இழுத்துப் பரப்பினால், ஒரு கட்டம் ஒன்றேகால் இழையில் எப்படி உட்காரும்? ஓரங்கள் பிசிறடிக்கும். 1366 × 768 ஸ்க்ரீனுக்கு 1024 × 768 படத்தை அனுப்பினாலும் அதே கதைதான். 1,024 புள்ளிகளை 1,366 புள்ளிகளில் இழுத்துப் பரப்புவதால் எழுத்து கலங்கும், முகம் அகலமாகும்.

ஆக, லேப்டாப்பில் எப்போதும் நேட்டிவ் ரெசல்யூஷன்தான் இருக்க வேண்டும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது. அதற்கு 'ஸ்கேல்' என்று தனி வசதி இருக்கிறது. பாதிப் பிரச்னைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன.

முதலில் ஸ்க்ரீன்ஷாட் டெஸ்ட்!

பழுது மென்பொருளிலா, ஸ்க்ரீனிலா? காசு செலவு செய்யும் முன்பு இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இது.

1. விண்டோஸ் கீயுடன் பிரின்ட் ஸ்க்ரீன் கீயை அழுத்துங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் சேவ் ஆகும். சில லேப்டாப்களில் ஃபங்ஷன் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

2. அதை உங்கள் போனுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அளவு மாறிவிடும்.

3. போனில் படத்தைத் திறந்து பாருங்கள். கோடுகள், கறைகள், நிறமாற்றம் எல்லாம் லேப்டாப்பில் தெரிகிறது, ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் ஸ்க்ரீனிலோ, அதற்குப் போகும் கேபிளிலோதான். ஸ்க்ரீன்ஷாட்டிலும் அதே கோலம் தெரிந்தால் ஸ்க்ரீன் மேல் பழி போடாதீர்கள், டிரைவர் அல்லது செட்டிங்ஸைப் பாருங்கள்.

4. படம் போனில் தெளிவாகத்தான் இருக்கிறது, லேப்டாப்பில் மட்டும் கலங்கலாக இருக்கிறது என்றால் கேலரியில் படத்தின் விவரங்களைத் திறந்து அளவைப் பாருங்கள். 1024 × 768, 800 × 600 என்று காட்டினால் மேட்டர் முடிந்தது. லேப்டாப் குறைந்த ரெசல்யூஷனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடுதலாக ஒரு சோதனை. லேப்டாப்பை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன், கம்பெனி லோகோ வரும் கட்டத்திலேயே கோடு தெரிகிறதா? அப்படியென்றால் விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் லேப்டாப்பின் ஸ்க்ரீன் அல்லது கேபிள் பழுது. டிவியிலும் அதே கோடுகள் வந்தால் கிராஃபிக்ஸ் சிப் அல்லது அதன் டிரைவரைச் சந்தேகப்படலாம்.

சிக்கல் 1: எல்லாமே பெரிதாக, கலங்கலாகத் தெரிகிறது

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போங்கள். விண்டோஸ் 7 என்றால் 'ஸ்க்ரீன் ரெசல்யூஷன்' என்று இருக்கும். அங்கே 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெகமண்டட்' என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதுதான் நேட்டிவ். இத்தோடு சரியாகிவிட்டால் மேற்கொண்டு படிக்காமல் வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பட்டியலே அழுத்த முடியாமல் மங்கலாக இருக்கிறது, அல்லது பெரிய ரெசல்யூஷன் எதுவும் பட்டியலில் இல்லை என்றால்? அப்போது சந்தேகப்பட வேண்டியது டிரைவர். விண்டோஸுக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் இது. விண்டோஸை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டதும் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்துப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருந்தால் டிரைவர் இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றோ, விண்டோஸ் 7-ல் 'ஸ்டாண்டர்டு விஜிஏ கிராஃபிக்ஸ் அடாப்டர்' என்றோ இருந்தால் சரியான டிரைவர் இல்லை. ஸ்டெப்னி டயரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள். இதே வரிசையில் முயலுங்கள்.

- செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' போய் அப்டேட் தேடச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 என்றால் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஒன்று இருக்கும். டிஸ்பிளே டிரைவர் பல நேரம் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கும்.

- கிடைக்கவில்லையா? லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள். ஸ்டிக்கர் அழிந்துபோகும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, 'கிராஃபிக்ஸ்' அல்லது 'டிஸ்பிளே' டிரைவரை இறக்குங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்பு எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

- அங்கேயும் இல்லையென்றால் சிப் தயாரித்த இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளத்தில் தேடுங்கள்.

'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் நபர் சாஃப்ட்வேர் பக்கம் போகவே வேண்டாம். இருக்கும் பிரச்னையோடு வேறு சில பிரச்னைகளும் சேர்ந்து இறங்கிவிடும்.

'ஃபார்மட் செய்ததில் வைஃபை டிரைவரும் போய்விட்டது, எதை வைத்து டவுன்லோடு செய்வது' என்கிறீர்களா? போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். வைஃபை இல்லாமலே போனின் நெட், கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு இதற்கெனத் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது.

நன்றாக இருந்த ஸ்க்ரீன் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு சொதப்பினால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டரை டபுள் கிளிக் செய்து, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பழைய டிரைவருக்குத் திரும்பிவிடும்.

சிக்கல் 2: எழுத்து ரொம்பச் சிறிது அல்லது சில ஆப்கள் மட்டும் மங்கல்

15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி லேப்டாப் வாங்கியவர்கள் முதல் நாளே சொல்வது, 'எழுத்து எறும்பு மாதிரி இருக்கு' என்பதுதான். ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவிகிதமாக மாற்றுங்கள். எழுத்தும் பட்டன்களும் பெரிதாகும், தெளிவு குறையாது. 1366 × 768 ஸ்க்ரீனில் 100 சதவிகிதமே சரி. அதில் 150 வைத்தால் இடமே இருக்காது. மாற்றியபின் ஒருமுறை சைன் அவுட் செய்து சைன் இன் செய்துவிடுங்கள். பல ஆப்கள் அதன்பிறகுதான் புதிய அளவுக்கு வரும்.

கணக்கு சாஃப்ட்வேர், பில்லிங் சாஃப்ட்வேர் போன்ற பழைய புரோகிராம்கள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றனவா? அவை ஸ்கேலிங் என்ற வசதி பிரபலமாவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அந்த புரோகிராமின் ஐகானில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராபர்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து, கீழே 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் 'அப்ளிகேஷன்' என்பதை முயலலாம். அதில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் சிறிதாகிவிடும்.

எழுத்தின் ஓரத்தில் நிறம் சிதறுவது போல இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று தேடி, அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். ஒரு நிமிட வேலை.

சிக்கல் 3: கீழே இருக்கும் பட்டன் தெரியவில்லை!

விண்ணப்பம் போடும்போது வயிற்றைக் கலக்குவது இதுதான். 'சப்மிட்', 'ஓகே' பட்டன்கள் ஸ்க்ரீனுக்குக் கீழே மறைந்துவிடும். பழைய லேப்டாப்களில் நெடுக்கே 768 புள்ளிகள்தான் என்பதால், ஸ்கேல் கொஞ்சம் கூடினாலும் இப்படி ஆகும்.

பிரவுசர் என்றால் கன்ட்ரோல் கீயுடன் மைனஸ் கீயை அழுத்துங்கள். பக்கம் சுருங்கி பட்டன் மேலே வரும். பழைய அளவுக்குத் திரும்ப கன்ட்ரோலும் பூஜ்யமும். பிரவுசர் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றாலும் இதே கன்ட்ரோல் பூஜ்யம்தான் மருந்து. டச்பேடில் இரண்டு விரல் பட்டு ஜூம் ஆகியிருக்கும்.

பிரவுசர் அல்லாத புரோகிராம் என்றால் ஆல்ட் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் மெனுவில் 'மூவ்' தேர்ந்தெடுத்து, மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் விண்டோ மேலே நகரும். ஒளிந்திருந்த பட்டன் வெளியே வரும்.

மவுஸ் போகும் இடமெல்லாம் ஸ்க்ரீனும் நகர்ந்துகொண்டே இருக்கிறதா? 'மேக்னிஃபையர்' தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறது. விண்டோஸ் கீயும் எஸ்கேப் கீயும் அழுத்தினால் போய்விடும்.

சிக்கல் 4: இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை அல்லது தலைகீழான ஸ்க்ரீன்

கேம் விளையாடி முடித்தபின் கறுப்புப் பட்டை வந்தால், கேம் ரெசல்யூஷனை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெகமண்டட் அளவுக்கு மாற்றுங்கள். மாறாவிட்டால் இன்டெல் அல்லது ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் ஆப்பில் 'ஸ்கேலிங்' பகுதியைப் பாருங்கள்.

ஸ்க்ரீன் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திரும்பிவிட்டதா? குட்டிப் பையன்கள் கீபோர்டில் விளையாடிய வீடுகளில் இது சகஜம். டிஸ்பிளே செட்டிங்ஸில் 'ஓரியன்டேஷன்' என்பதை 'லேண்ட்ஸ்கேப்' ஆக்குங்கள். பழைய இன்டெல் டிரைவர் உள்ள லேப்டாப்களில் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலே நேராகிவிடும்.

சிக்கல் 5: டிவி, புரொஜெக்டரில் இணைத்தால் சொதப்பல்

டிவியில் படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் குற்றவாளி லேப்டாப் அல்ல, டிவி. பல டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை வெட்டிக் காட்டும் பழக்கம் உள்ளவை. டிவி ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட்' பகுதிக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லூரி செமினாரில் புரொஜெக்டரை மாட்டியதும் லேப்டாப் ஸ்க்ரீனும் சேர்ந்து கலங்கிப்போகிறதா? 'டூப்ளிகேட்' முறையில் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனை விண்டோஸ் தேடும். பழைய புரொஜெக்டர்கள் பலவற்றின் அளவு 1024 × 768 என்பதால் உங்கள் லேப்டாப்பும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் கீயும் 'பி' கீயும் அழுத்தி 'எக்ஸ்டெண்டு' தேர்ந்தெடுங்கள். இரண்டும் தனித்தனி அளவில் ஓடும். கேபிளைக் கழற்றிய பிறகும் கலங்கலாகவே இருந்தால் 'பிசி ஸ்க்ரீன் ஒன்லி' கொடுங்கள்.

யூடியூப் வீடியோ மட்டும் மங்கலாக இருந்தால் அது ஸ்க்ரீன் பிரச்னையே இல்லை. நெட் ஸ்லோவாக இருக்கும்போது 'ஆட்டோ' முறையில் வீடியோவின் தரம் தானாகக் குறையும். வீடியோவில் பல் சக்கரத்தைத் தட்டி 720 அல்லது 1080 வைத்துப் பாருங்கள்.

சிக்கல் 6: ஏதோ மாற்றினேன், ஸ்க்ரீனே கறுப்பு!

பதற வேண்டாம். ரெசல்யூஷனை மாற்றியதும் 'இதை வைத்துக்கொள்ளவா' என்று விண்டோஸ் கேட்கும். நீங்கள் எதையும் அழுத்தாவிட்டால் சில விநாடிகளில் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு 20 விநாடி காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (டிஸ்பிளேயில் வரும் 'பி' அல்ல, பஸ்ஸில் வரும் 'பி') நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும். திறந்திருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்க்ரீன் மினுக்கிக்கொண்டே இருந்தால் மைக்ரோசாஃப்ட் சொல்லும் ஒரு சோதனை: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' திறங்கள். எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் மினுக்கினால் டிரைவர் பிரச்னை. அது மட்டும் மினுக்காமல் நின்றால் ஏதோ ஓர் ஆப்பின் வேலை.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு...

தமிழகத்தில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சேலம், நாமக்கல் பக்கம் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். அண்ணன் வாங்கியது தங்கைக்கு வந்து, இப்போது அப்பாவின் லாரி கணக்குக்கோ கோழிப்பண்ணைக் கணக்குக்கோ உழைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அதை 'பழசு' என்று தூக்கிப்போட முடிவதில்லை.

இவற்றில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஆரம்பகால மாடல்களின் ஸ்க்ரீன் பொதுவாக 14 இன்ச், 1366 × 768. இதில் ஃபுல் ஹெச்டி வராது. வரவில்லையே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு, விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் பழைய லேப்டாப்பிலும் எப்படியாவது விண்டோஸ் 11 போட்டுத்தரச் சொல்லிப் பலரும் கேட்கிறார்கள். பழைய சிப்களுக்குப் புதிய விண்டோஸுக்கான டிரைவர் எல்லா நேரமும் கிடைக்காது. அப்படிக் கிடைக்காத இடத்தில்தான் 'உப்பிய ஸ்க்ரீன்' பிரச்னை தலைதூக்குகிறது. விண்டோஸ் மாற்றும் முன்பே, உங்கள் மாடலுக்கு அந்தப் பதிப்புக்கான கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்று, அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது அது. உங்கள் லேப்டாப்பில் அது இன்னும் அழியாமல் இருந்தால், அது ஓர் இலவச டெஸ்டிங் கருவி. லேப்டாப்பை ஆன் செய்யும்போது வரும் மெனுவில் பாஸைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் இன்டெல் சிப்களுக்கான டிரைவர் உள்ளேயே சேர்ந்து வரும். அங்கே படம் பளிச்சென்று வந்தால் ஸ்க்ரீன் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் டிரைவர்தான் சிக்கல் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பாஸ் இல்லாதவர்கள் உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 'ட்ரை' என்ற ஆப்ஷனை மட்டும் கொடுங்கள், 'இன்ஸ்டால்' கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிட முடியாது. கீழே உள்ளவை இருந்தால் கடைதான்.

- ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லாத கோடுகள், மை கொட்டியது போன்ற கறை, விரிசல்.
- மூடியை ஆட்டினால் படம் வந்து வந்து போகிறது. பெரும்பாலும் கீல் பகுதியில் போகும் டிஸ்பிளே கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது நைந்திருக்கும். முழு ஸ்க்ரீனையும் மாற்றச் சொல்லும் முன், கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.
- டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் உள்ளே படம் லேசாகத் தெரிகிறது. இது பின்னால் எரியும் பேக்லைட் பிரச்னை.

கொடுக்கும் முன்பு முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்கள், ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், நேட்டிவ் ரெசல்யூஷன் என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஃபுல் ஹெச்டி ஸ்க்ரீன் இருந்த லேப்டாப்பில் 1366 × 768 ஸ்க்ரீனை மாட்டினாலும் வேலை செய்வதுண்டு. பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. அதனால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து, ரெகமண்டட் ரெசல்யூஷன் பழைய எண்தானா என்று பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழு ஸ்க்ரீன் படங்களை வைத்து, எரியாத புள்ளி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கழற்றிய பழைய ஸ்க்ரீனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. சீசன் நேரத்தில் டேபிள் மேல் இருபது லேப்டாப் இருக்கும்போது, கலங்கலாகத் தெரிகிற ஸ்க்ரீனைப் பார்த்ததும் 'டிஸ்பிளே' என்று வாயில் வந்துவிடுகிறது. "டிரைவர் செக் பண்ணீங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதிலேயே பல நேரம் சில ஆயிரங்கள் மிச்சமாகும்.

சரி, ராசிபுரம் லேப்டாப் என்ன ஆச்சு?

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் போனில் படம் தெளிவாகத்தான் இருந்தது. கோடு இல்லை, கறை இல்லை. ஆனால் அளவு 1024 × 768. டிவைஸ் மேனேஜரைத் திறந்து படிக்கச் சொன்னேன். "மைக்ரோசாஃப்ட் பேசிக்..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. வைஃபையும் வேலை செய்யவில்லை. சித்தியின் போனைக் கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்து, விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டோம். டிரைவர் இறங்கும்போது ஸ்க்ரீன் ஒரு விநாடி கறுப்பாகி மீண்டும் வந்தது.

"அண்ணா... எல்லாம் சின்னதாயிடுச்சுண்ணா! லாக் பட்டன் தெரியுது!"

அன்று ராத்திரியே உட்கார்ந்து, வரிசையை மூன்று தடவை சரிபார்த்து லாக் செய்துவிட்டாள். அந்த 4,500 ரூபாயைச் சித்தி அப்படியே எடுத்து வைத்தார், கல்லூரி திறந்ததும் ஹாஸ்டலுக்கு பக்கெட், பெட்டி வாங்க.

உங்கள் வீட்டு லேப்டாப் ஸ்க்ரீன் கோளாறு செய்தால் முதலில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பர்ஸை அப்புறம் எடுக்கலாம்!